சிப்பூங்கர் எங்கே இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை இரவு. மேசையைத் துடைத்த ஈரம் காய்வதற்குள் மகள் அதில் புத்தகத்தை விரித்துவிட்டாள். ஜேசியில் (ஜூனியர் காலேஜ்) முதல் வருடம், மறுநாள் டுடோரியல். நான் எதிரே உட்கார்ந்து அடுத்த வாரத்துக்கான டியூட்டி பட்டியலைப் போட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, "அப்பா, உங்களுக்கு பெர்முட்டேஷன் தெரியுமா?" என்றாள்.

"வரிசை மாற்றமா?" என்றேன்.

"என்னப்பா இது, கியூவில ஆள் மாறி நிக்கிற மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். யோசித்தால் அதுவேதான். கியூவில் ஆள் மாறி நிற்பதைத்தான் அந்தப் பாடம் முழுக்க எண்ணுகிறார்கள்.

நான் பட்டுக்கோட்டைப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். பிளஸ் ஒன்னில் 'வரிசை மாற்றங்கள்', 'சேர்வுகள்' (வரிசை பாராமல் பொறுக்குவது) என்று படித்தோம். எண்ணுக்குப் பின்னால் ஆச்சரியக்குறி போட்டால் காரணீயப் பெருக்கம். 5! என்றால் 5×4×3×2×1, அதாவது 120. சிங்கப்பூர் வந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது, அந்தச் சொற்களை வாயால் சொல்லி அதற்கும் மேலே ஆகியிருக்கும். மகளுக்கு எல்லாம் ஆங்கிலத்தில். கணக்கு ஒன்றுதான், பெயர்தான் வேறு.

அவளுக்கு வந்த கேள்வி இது. சிங்கப்பூர் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் ஒன்பது எழுத்து. எந்த எழுத்தும் இரண்டு முறை வராது (நான் இத்தனை வருடம் அதைக் கவனித்ததே இல்லை). அந்த ஒன்பதையும் எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம்? முதல் இடத்துக்கு ஒன்பது எழுத்தில் எது வேண்டுமானாலும் வரலாம். அது உட்கார்ந்துவிட்டால் அடுத்த இடத்துக்கு எட்டு, அப்புறம் ஏழு. இப்படியே பெருக்கினால் 9! = 362,880. நான் பழக்கத்தில் 3,62,880 என்று கமா போட்டேன். "லட்சம்" என்றதும் அவள் மறுபடி சிரித்தாள். இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு லட்சம் என்பது லட்சுமிக்குச் சொந்தக்காரர் மாதிரி.

அடுத்த பகுதி: நான்கு உயிரெழுத்துகளும் ஒட்டியே வர வேண்டும். நான்கையும் ஒரு மூட்டையாகக் கட்டிவிட்டால், மெய் ஐந்தும் மூட்டை ஒன்றும் சேர்த்து ஆறு பொருள். அவை 720 விதமாக நிற்கும். மூட்டைக்குள் நான்கும் 24 விதமாக இடம் மாறும். 720×24 = 17,280. இதை அவளே போட்டுவிட்டாள். அவளுக்குச் சிக்கல் வேறு இடத்தில். "எப்ப வரிசை பார்க்கணும், எப்ப பார்க்கக்கூடாதுன்னுதான் குழம்புது. ஃபார்முலா தெரியுது. எந்த ஃபார்முலான்னு தெரியல."

எனக்கும் பள்ளியில் அது கடைசிவரை குழம்பியது. தெளிய வைத்தது வேலைதான்.

ஒரு வணிகக் கட்டடத்தில் பாதுகாவலர்களுக்கு டியூட்டி போடுவது என் பொறுப்பு. இரவு ஷிஃப்டுக்கு என்னிடம் ஏழு பேர். மூன்று இடங்கள்: முன்வாசல், லாபி, பின்னால் சரக்கு இறக்கும் லோடிங் பே. வேலையில் சேர்ந்த புதிதில் ஒருநாள் அவசரத்தில் வாட்ஸ்அப் குழுவில் மூன்று பெயரை மட்டும் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். யார் எங்கே என்று எழுதவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குப் போன் வந்தது. லோடிங் பேயில் காய்கறி லாரி நிற்கிறது, கேட்டைத் திறக்க ஆள் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் மூன்று பேரும் லாபியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏசி அங்கேதான் இருக்கிறது! அவர்களைக் குறை சொல்லவும் வழியில்லை. நான் அனுப்பியது ஒரு சேர்வு. கட்டடத்துக்கு வேண்டியிருந்தது ஒரு வரிசை மாற்றம்.

ஏழு பேரில் மூன்று பேரைச் சும்மா பொறுக்குவதென்றால் 35 விதம். இடத்தோடு சேர்த்துப் போடுவதென்றால் 7×6×5 = 210. ஒவ்வொரு மூவரும் தங்களுக்குள் ஆறு விதமாக இடம் மாறலாம், அதனால் அதே 35 ஆறு மடங்காகிறது. லாரிக்காரர் என்னைத் திட்டியது அந்த ஆறுக்காகத்தான்.

மகளிடம் இதைச் சொன்னதும் பிடித்துக்கொண்டாள். "அப்ப இடத்துக்குப் பேர் இருக்கான்னு பார்க்கணும்" என்றாள். ஆமாம், ஏறக்குறைய அதுதான். காப்பிக்கடையில் 'கோப்பி ஓ, சியூ தாய், பெங்' என்றாலும் 'கோப்பி ஓ பெங், சியூ தாய்' என்றாலும் வருவது ஒரே குவளை. சீனி குறைவு, ஐஸ் உண்டு, பால் இல்லை. கலக்குகிறவர் வரிசையைக் காதில் வாங்குவதே இல்லை. அங்கே வரிசை மாற்றத்துக்கு வேலையில்லை.

காப்பிக்கடை என்றதும் எனக்குப் பெரியவர் நினைவு வந்தது. எங்கள் புளோக்குக்குக் கீழே தினமும் மாலை ஐந்து மணிக்கு உட்காருவார். செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். பள்ளிப் படிப்பு ஆறு வருடம். ஆனால் வரிசை மாற்றக் கணக்கு அவரைப்போல் போடுகிறவரை நான் பார்த்ததில்லை. காரணம் 4டி.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வரி: 4டி என்பது 0000 முதல் 9999 வரை ஒரு எண்ணைத் தேர்ந்து பணம் கட்டுவது. புதன், சனி, ஞாயிறு குலுக்கல். ஒவ்வொரு குலுக்கலிலும் 23 எண்களுக்குப் பரிசு. எண் அப்படியே வரிசை பிசகாமல் வர வேண்டும். நீங்கள் 1357 வாங்கி 1375 வந்தால், வீட்டுக்குப் போய் மனைவியிடம் திட்டு வாங்கலாம், அவ்வளவுதான். அந்த வயிற்றெரிச்சலுக்கு மருந்தாக, நாலு இலக்கத்தையும் எல்லா வரிசையிலும் சேர்த்தே வாங்கும் வசதி உண்டு. அங்கேதான் கணக்கு வருகிறது. 1357-க்கு 24 வரிசை, ஆளுக்கு ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால் 24 வெள்ளி. 1135-க்கு 12 வெள்ளி. 1133-க்கு 6. 1113-க்கு 4. 1111-க்கு மாற்ற என்ன இருக்கிறது, ஒரு வெள்ளி.

முதன்முதலில் அவரிடம், "ஏன் ஐயா, இரண்டு ஒன்று வந்தால் பாதியாகிறது?" என்று தெரியாதவன் போலக் கேட்டேன். ஆழம் பார்க்கத்தான்.

"ரெண்டு ஒண்ணும் ரெட்டைப் புள்ளைங்க தம்பி. இடம் மாத்தி உக்கார வச்சா பெத்தவளுக்கே தெரியாது. இருபத்துநாலுல ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவ எண்ணியிருக்கோம். அதான் பாதி."

"1133?"

"ரெண்டு ஜோடி ரெட்டை. பாதியில பாதி. ஆறு."

"1113?"

ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டுச் சொன்னார். "மூணு புள்ளையும் ஒரே மூஞ்சி. மூணு பேரு ஆறு விதமா மாறுவான். இருபத்துநாலுல ஆறு, நாலு."

நான் படித்த பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம் நிரூபணம் இருந்தது. ஒரே மாதிரியான பொருள்கள் இருந்தால் அவற்றின் காரணீயத்தால் வகுக்க வேண்டும் என்று. ரெட்டைப் பிள்ளைகள் அதில் இல்லை. இருந்திருந்தால் இன்னும் இரண்டு மதிப்பெண் வாங்கியிருப்பேன்.

அன்று ரசீதின் பின்பக்கம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். பத்தாயிரம் எண்களில் நாலு இலக்கமும் வெவ்வேறாக இருப்பவை 10×9×8×7 = 5,040. ஒரே ஒரு ஜோடி உள்ளவை 4,320. இரண்டு ஜோடி 270. மூன்று ஒரே மாதிரி 360. நாலும் ஒன்றே 10. கூட்டினால் சரியாக 10,000. பெரியவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். "ரெண்டு ஜோடி எண்ணு இவ்வளவு கம்மியா? அதான் என்னிக்காவதுதான் கண்ணுல படுது" என்றார். அவருடைய அறுபது வருட அனுபவமும் என் ரசீதும் ஒத்துப்போனதில் இருவருக்கும் மகிழ்ச்சி.

ஆனால் 24 வரிசையையும் வாங்கினால் வாய்ப்பு 24 மடங்கு ஏறுகிறது, செலவும் அதே 24 மடங்கு ஏறுகிறது. ஒரே வெள்ளியில் 24-ஐயும் பிடிக்கிற வகையும் இருக்கிறது, அதில் பரிசு அந்த அளவுக்குச் சுருங்கிவிடும். எந்தப் பக்கம் புரட்டினாலும் கடைக்காரருக்கு நட்டமில்லை. பெரியவருக்கும் இது தெரியும். "பொழுது போகணும்ல" என்பார்.

அவருக்கு எண்கள் கிடைப்பது பெரும்பாலும் கார்களிலிருந்து. எங்கேயாவது கார் மோதி நின்றால் எல்லோரும் ஓட்டுநரைப் பார்ப்பார்கள், இவர் எண் பலகையைப் பார்ப்பார். அந்தப் பலகையின் கடைசி எழுத்து எதற்கு என்று ஒருநாள் என்னைக் கேட்டார். எனக்கு அப்போது தெரியாது, அப்புறம் தேடிப் படித்தேன். முன்னால் உள்ள எழுத்துகளையும் எண்களையும் இடத்துக்கு ஒரு எடை வைத்துப் பெருக்கிக் கூட்டுகிறார்கள். நாலு இலக்கத்துக்கும் முறையே 5, 4, 3, 2. மொத்தத்தை 19-ஆல் வகுத்து, மீதிக்கு ஒரு எழுத்து. 1357 என்றால் இலக்கங்களின் பங்கு 5+12+15+14 = 46. முதல் இரண்டை மாற்றி 3157 என்று எழுதினால் 48. கடைசி எழுத்து மாறிவிடும். எந்த இரண்டு வெவ்வேறு இலக்கங்களை இடம் மாற்றினாலும் மாட்டிக்கொள்வோம். ஏனென்றால் வித்தியாசம், 1 முதல் 9 வரை உள்ள ஒரு எண்ணை 1 முதல் 3 வரை உள்ள ஒன்றால் பெருக்கியது. அது 19-இன் மடங்காக ஒருபோதும் வராது. எடை எல்லா இடத்துக்கும் ஒன்றாக இருந்திருந்தால் கூட்டுத்தொகைக்கு வரிசை தெரியாது, 24-உம் ஒரே எழுத்தில் போய் நின்றிருக்கும். என் டியூட்டி பட்டியலுக்கும் இப்படி ஒரு கடைசி எழுத்து இருந்திருக்கலாம்.

சரி, மேசைக்கு வருகிறேன். மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "இருபத்துநாலுன்னா பெருமாளுக்கும் இருபத்துநாலு பேர்தானே, கேசவா, நாராயணா, மாதவான்னு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சங்கு, சக்கரம், கதை, தாமரை. நாலு கை, நாலு பொருள். எந்தக் கையில் எது என்பதை வைத்துத்தான் கேசவன் முதல் கிருஷ்ணன் வரை 24 மூர்த்திகளையும் சிற்பிகள் பிரித்துச் செதுக்குகிறார்கள். பாஸ்கராச்சாரியார் 1150 வாக்கில் எழுதிய லீலாவதியில் இதையே கணக்காகக் கேட்டிருக்கிறார். ஹரியின் நாலு கைப் பொருள்களை இடம் மாற்றினால் எத்தனை உருவம்? விடை 24. அதே கேள்வியில் பத்துக் கையுள்ள சிவனும் வருகிறார். பாசம், அங்குசம், பாம்பு, உடுக்கை, சூலம் என்று பத்துப் பொருள். அதற்கு விடை 3,628,800. மகள் போனில் தட்டிப் பார்த்தாள். விநாடிக்கு ஓர் உருவம் காட்டினால் சரியாக 42 நாள். ஒரு நொடி கூட மிச்சமில்லை, குறையவும் இல்லை. ஒரு மண்டலத்துக்கு ஆறு நாள்தான் குறைவு.

சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலுக்குப் புரட்டாசி சனிக்கிழமைகளில் போகிறவர்கள் நாங்கள். சீனிவாசர் என்றால் சங்கும் சக்கரமும் மட்டும்தான் ஏந்துவார், மற்ற இரண்டு கைகளும் காலி. "அப்ப நாலு கையில ரெண்டு பொருள், 4×3, பன்னிரண்டு" என்றாள் மகள், பேனாவை எடுக்காமலேயே. எந்த ஃபார்முலா என்ற சந்தேகம் அதோடு அவளுக்குப் போய்விட்டது. நான் பட்டியலுக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

திரும்பவில்லை. எனக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. "ஆங்கிலத்தில் போட்டாய், தமிழில் போடு பார்ப்போம்" என்றேன்.

சி, ங், க, ப், பூ, ர். ஆறு எழுத்து, ஆறும் வெவ்வேறு. 6! = 720. "ஈசி" என்றாள்.

"ஈசி இல்லை. 'ங்சிர்பூப்க' என்று ஒரு சொல்லை வாயால் சொல்லு பார்ப்போம்."

அவளால் முடியவில்லை. யாராலும் முடியாது. ஆங்கிலக் கேள்வியில் 362,880-ம் எழுத்துக் குப்பைதான், அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. தமிழுக்கு எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எது வரும் என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தை ஒவ்வொன்றாக 720-இன் மேல் வைத்தோம்.

புள்ளி வைத்த எழுத்து சொல்லுக்கு முதலில் வராது. ஆக, சி, க, பூ இந்த மூன்றில் ஒன்றுதான் தொடங்கலாம். ப் என்ற வல்லின மெய்க்குப் பின்னால் அதே ப வரிசைதான் வரும், கைவசம் இருப்பது பூ மட்டும். ஆக 'ப்பூ' ஒரு மூட்டை. ங்-க்குப் பின்னால் க. 'ங்க' இன்னொரு மூட்டை. இப்போது க-வுக்கும் பூ-வுக்கும் முன்னால் எப்போதும் ஒரு புள்ளி எழுத்து நிற்கிறது. அவை இரண்டும் சொல்லைத் தொடங்க முடியாது. தொடங்கினால் சி-தான் தொடங்க வேண்டும்! மகள் இந்த இடத்தில் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். சி முதலில் உட்கார்ந்துவிட்டது. மீதி ங்க, ப்பூ, ர். மூன்று பொருள், 3! = 6.

எழுதினோம். சிங்கப்பூர். சிங்கர்ப்பூ. சிப்பூங்கர். சிப்பூர்ங்க. சிர்ங்கப்பூ. சிர்ப்பூங்க.

கடைசி இரண்டும் எனக்கு உறுத்தின. காரணம் உடனே சிக்கவில்லை. அப்புறம்தான் தமிழாசிரியர் சொன்னது ஞாபகம் வந்தது. தனிக் குறிலை அடுத்து ர், ழ் ஒற்றாக வராது. தொல்காப்பியம் சொல்கிற விதி. 'சீர்' உண்டு, 'கார்' உண்டு, தமிழில் 'சிர்' கிடையாது. ஆக அந்த இரண்டும் போச்சு. 'சிப்பூர்ங்க' வாயில் நுழையக் கஷ்டம்தான், ஆனாலும் 'பாழ்ங்கிணறு' இருக்கிற மொழியில் அதைத் தடுக்க முடியாது. 720 பேர் வந்த நேர்காணலில் நாலு பேர் தேறினார்கள், அதில் ஒருவர் ஏற்கெனவே வேலையில் இருக்கிறார்.

மகள் நம்பாமல் பைத்தானில் ஒரு நிரல் எழுதிச் சரிபார்க்கப் போனாள். கணினி, சிங்கப்பூரில் 11 எழுத்து என்றது. அது ச தனி, அதன் மேல்விலங்கு தனி, ங தனி, புள்ளி தனி என்று எண்ணுகிறது. புள்ளி மட்டும் மூன்று, ப இரண்டு. "அப்பா, ரெட்டைப் புள்ளைங்க!" என்றாள். 11!-ஐ 3!-ஆலும் 2!-ஆலும் வகுத்தால் 3,326,400. ஒரே சொல்லுக்கு எனக்கு 720, கணினிக்கு முப்பத்துமூன்று லட்சம். எது எழுத்து என்பதில் நாங்கள் ஒத்துப்போகவில்லை, கணக்கில் இருவரும் சரி. அவள் பொழுது விடியும்வரை உட்கார்ந்துவிடுவாள் போலிருந்தது. மனைவி விளக்கை அணைத்தாள்.

டியூட்டி பட்டியலைக் காலையில் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே போட்டேன். பெயருக்குப் பக்கத்தில் இடம் எழுதியிருக்கிறேனா என்று மூன்று முறை பார்த்தேன். தொடக்கப்பள்ளி நான்கில் இருக்கும் மகன், மேசையில் கிடந்த தாளைப் பள்ளிக்குக் கிளம்பும்போது பார்த்திருக்கிறான். சிப்பூங்கர் எங்கே இருக்கிறது, அங்கே போக பாஸ்போர்ட் வேண்டுமா என்று அம்மாவைக் கேட்டானாம்.

மாலை பெரியவரிடம் அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஆறு சொல்லையும் விரல் வைத்து மெதுவாகப் படித்தார். சிர்ங்கப்பூவுக்கு வந்ததும், "இது நம்ம பாஷை இல்ல" என்று அவரே அடித்தார். விதியை நான் சொல்லவே இல்லை.

"ஆக, எழுநூத்தி இருபதுல நாலுதான் நின்னுச்சா?"

"நாலுதான் ஐயா."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதினார். 7204.

"நாலும் வேற வேற" என்றார். "இருபத்துநாலு வெள்ளி கேக்கும், தம்பி."